கையொப்பம் இட்டவர் ஒருவர், கடன் கட்டுபவர் இன்னொருவர்

(திருகோணமலையில் விவசாயிகளும் தொழில்வல்லுநரும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



இன்று மாலை சட்டம் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறீர்கள். சட்டம் பேசினால் கேட்போருக்கு உறக்கம் வரும் என்பது நாம் அறியாததன்று. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் வயல் வரம்பில் வந்து நிற்கும் பொருள். ஆகவே சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

சில காலத்துக்கு முன் கொட்டியாரப் பற்றிலிருந்து ஒரு பெரியவர் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அளிக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் வரிச் சலுகையைப் பெறுவதற்காக, 27 சர்வதேசச் சமவாயங்களை நடைமுறைப்படுத்துவதாக இலங்கை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று அதிலே அச்சாகியிருந்தது. பெரியவருடைய வயலின் மேற்கு மூலையை ஒரு கம்பனி முள்ளுக்கம்பி இழுத்து அடைத்துவிட்டது. அவர் கேட்டார்: "தம்பி, வெள்ளைக்காரனுக்கு வாக்குக் குடுத்து ஒப்பமும் வைச்சிட்டாங்கள். அந்த ஒப்பத்தைக் காட்டி இந்தக் கம்பனியைக் கோட்டுக்கு இழுக்க ஏலாதா?"

"ஏலாது, ஐயா" என்றோம். அவர் முகம் வாடிற்று. படித்த நண்பர்கள் பலரும் இதே கேள்வியை, இதைவிட நீண்ட சொற்களில், நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் விடை அதுவேதான். ஏன் ஏலாது என்பதையும், ஏலாமைக்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

முதலில் அந்த வெள்ளைக்காரன் நாட்டிலேயே இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கும் சட்டங்களில் இரு வகை உண்டு. ஒன்று ஒழுங்குவிதி, அது பிறந்த நாள் முதலே எல்லா உறுப்பு நாடுகளிலும் எல்லாரையும் கட்டும். மற்றொன்று பணிப்புரை. பணிப்புரை அரசுகளுக்கு எழுதப்படும் கட்டளை: "இன்ன தேதிக்குள் உங்கள் நாட்டில் இன்ன பயனைத் தரும் சட்டத்தை நீங்களே இயற்றுங்கள்" என்பது அதன் சாரம். தேதி கடந்துவிடுகிறது, அரசு உறங்கிவிடுகிறது, சட்டம் வரவில்லை. அப்போது குடிமகனின் கதி என்ன? இந்தக் கேள்வி லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தைப் பல ஆண்டுகள் வருத்தியது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பகுதியில் அரசாங்கச் சுகாதார அதிகாரசபையில் வேலை பார்த்த ஒரு மாது, 62 வயதில், பெண் என்ற காரணத்தால் 1980இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆண்களோ 65 வரை இருக்கலாம். ஆணையும் பெண்ணையும் வேலையில் சமமாக நடத்துமாறு 1976இலேயே ஐரோப்பியப் பணிப்புரை பிறந்திருந்தது. பிரித்தானியச் சட்டம் அதற்கு இசையத் திருந்தியிருக்கவில்லை. மார்ஷல் வழக்கு என்று பேர்பெற்ற அந்த வழக்கில் 1986இல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. சட்டத்தைத் திருத்தாமல் விட்ட அரசு, தன் குற்றத்தையே தனக்குக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பது அதன் நியாயம். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வசனமும் இருந்தது: பணிப்புரை அரசைக் கட்டும், தனியாரைக் கட்டாது.

அந்த வசனம் என்ன செய்தது என்பதை இரண்டே ஆண்டுகளில் உலகம் கண்டது. 60 வயதைக் கடந்ததும் நீக்கப்பட்ட இன்னொரு பெண் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போனார். டியூக் வழக்கு, 1988. அவருக்கு நேர்ந்ததும் அதே அநீதி. அவர் நம்பியதும் அதே பணிப்புரை. ஆனால் அவருடைய முதலாளி தனியார் கம்பனி. தோற்றார். ஒருத்திக்கு நீதி, மற்றவளுக்கு இல்லை. இடையிலிருந்த வேறுபாடு சம்பளச் சீட்டின் தலைப்பில் அச்சாகியிருந்த பெயர் மட்டுமே.

இத்தாலியிலும் இப்படியே. 1989 ஜனவரியில் மிலான் புகையிரத நிலையத்தின் அருகே ஒரு விற்பனையாளர் ஒரு பெண்ணை மறித்து, தபால்மூல ஆங்கிலப் பாடத்துக்கு ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கிவிட்டார். சில நாளில் அவள் மனம் மாறி, ஒப்பந்தத்தை இரத்துச் செய்வதாக எழுதினாள். கடைக்கு வெளியே செய்யப்பட்ட ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமையை 1985ஆம் ஆண்டுப் பணிப்புரை வழங்கியிருந்தது. இத்தாலி அதை உரிய காலத்தில் சட்டமாக்கவில்லை. 1994இல் பாச்சினி டோரி வழக்கில் தீர்ப்பு வந்தது: கம்பனிக்கு எதிராக அவள் பணிப்புரையைக் காட்ட முடியாது. அரசு செய்யத் தவறியதற்கு, அரசல்லாத ஒருவனை எப்படித் தண்டிப்பது? கம்பனிக்கு அந்தச் சட்டம் அறிவிக்கப்படவே இல்லையே! இந்த நியாயத்தை நாமும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. நாளை உங்கள் மேல் ஒருவன், எங்கோ ஒப்பமிடப்பட்டு, இங்கே எவரும் இயற்றாத விதியைக் காட்டி வழக்காடினால் நீங்கள் ஏற்பீர்களா?

ஆனால் ஐரோப்பிய நீதிமன்றம் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகவில்லை. நண்பர்களே, நம் பேச்சின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. முதலாளி முறிந்துபோனால் தொழிலாளியின் நிலுவைச் சம்பளத்துக்கு உத்தரவாதம் வேண்டும் என்று 1980இல் ஒரு பணிப்புரை எழுந்தது. இத்தாலி அதையும் கிடப்பில் போட்டது. பிரான்கோவிச் என்னும் தொழிலாளிக்குச் சுமார் 60 இலட்சம் லீரா நிலுவை. கம்பனி முறிந்துபோயிற்று, அங்கே வாங்க எதுவுமில்லை. 1991 நவம்பரில் நீதிமன்றம் சொல்லிற்று: பணிப்புரையை நிறைவேற்றாத அரசே, அதனால் குடிமகனுக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். (பின்னர், 1995இல், தம் முதலாளியின் முறிவு அந்தப் பணிப்புரையின் வகைக்குள் விழவில்லை என்று அந்த மனிதர் வெறுங்கையோடு திரும்பினார். வழக்கை வென்று தந்தவன் பயனை உண்ணாமல் போவது சட்ட உலகில் புதிதன்று.) மிலான் மாதுக்கும் நீதிமன்றம் காட்டிய வழி அதுவே: கம்பனியிடம் கேளாதே, உறங்கிய அரசிடம் நட்டஈடு கேள். கையொப்பமிட்டவன் கடனைக் கட்டட்டும் என்பதே அங்குள்ள ஏற்பாடு.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே அந்த ஏற்பாடு தலைகீழாக நிற்கிறது.

இலங்கையில் அரசு வெளிநாட்டில் இடும் கையொப்பம், பாராளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, உள்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை எதையும் படைக்காது. குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தில் இலங்கை 1980இல் சேர்ந்தது. தனி மனிதர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கு முறையிடலாம் என்னும் மேலதிக உடன்படிக்கையில் 1997இல் சேர்ந்தது. அதை நம்பி முறையிட்டவர் சிங்கராசா என்னும் தமிழ் இளைஞர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அவருக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்டுப் பெருவிரல் அடையாளம் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பேரில் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004இல் குழு அவர் பக்கம் நியாயம் கண்டு, விடுதலையோ மறு விசாரணையோ வேண்டும் என்றது. அந்தக் கருத்தோடு உயர் நீதிமன்றம் சென்றபோது, 2006 செப்டெம்பரில் கிடைத்த விடை என்ன? சனாதிபதி அந்த மேலதிக உடன்படிக்கையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது, நாட்டுக்குள் அதற்குச் சட்ட வலு இல்லை என்பது விடை. அரசை எதிர்த்தே பயன்படாத ஒப்பம், கம்பனியை எதிர்த்து எப்படிப் பயன்படும்? மிலான் மாதுக்கு ஒரு கதவு அடைபட்டது. நமக்கு இரண்டும் அடைபட்டன.

சரி, பாராளுமன்றம் சட்டம் இயற்றியதே என்று கேட்பீர்கள். இயற்றியது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். சமவாயத்தின் உரிமைகளில் சிலவற்றை மட்டும் அதில் எடுத்துக்கொண்டார்கள். அந்த உரிமைகள் மீறப்பட்டால் மேல் நீதிமன்றம் போகலாம். அதுவும் அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே. தனியாரைக் கட்டும் பிரிவும் ஒன்று உண்டு. அது 3ஆம் பிரிவு. இன, மதப் பகையைத் தூண்டுவது குற்றம் என்னும் நல்ல நோக்கம் கொண்ட பிரிவு. அதைக்கொண்டு 2019 ஏப்ரலில் பிடிக்கப்பட்டவர் யார்? சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர், ஒரு சிறுகதைக்காக! நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். உரிமைச் சமவாயத்தைச் சட்டமாக்கியபோது தனியாருக்குக் கிடைத்தது உரிமையன்று, விலங்கு. சிங்கள எழுத்தாளருக்காகத் தமிழர் மேடையில் நாம் பேசுவதைக் கண்டு வியக்காதீர்கள். விலங்குக்கு மொழி தெரியாது.

இனி நட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். சமவாயங்களை உள்ளபடி நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஆணைக்குழு விசாரித்து, 2010 ஆகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்திற்று. 2017 மே மாதம்தான் அது மீண்டது. இடையிலே விலை குறைத்து வாங்கப்பட்டது யாருடைய உழைப்பு? கையொப்பமிட்ட அமைச்சருடையதா? ஆடைத் தொழிற்சாலையில் நின்ற பெண்பிள்ளைகளுடையது. இந்தத் துறைமுகத்து மீனவருக்கு இன்னொரு கணக்குத் தெரியும். ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கண்காணிக்கும் கடமையை அரசு செய்யவில்லை என்று, 2015 ஜனவரி முதல் இலங்கை மீனுக்கு ஐரோப்பா தடை போட்டது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தாதது, தண்டச் சட்டத்தை இறுக்காதது எல்லாம் கொழும்பின் குற்றம். விலை இழந்த சூரை மீனோ கரையிலே கிடந்தது. அந்த மீனவர் எவரும் பிரான்கோவிச்சைப் போல அரசிடம் நட்டஈடு கேட்கச் சட்டம் இடந்தரவில்லை. நிறைவேறாத வாக்குறுதியால் குடிமகனுக்கு உரிமை வருவதில்லை. தண்டம் மட்டும் தவறாமல் வருகிறது.

எல்லாருக்கும் இந்தக் கதிதானா? இல்லை. அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மைத் தீர்மானத்தால் ஏற்றால், அந்த உடன்படிக்கைக்கே நாட்டில் சட்ட வலு உண்டு. தேசப் பாதுகாப்பின் பொருட்டன்றி அதற்கு மாறாகச் சட்டமும் இயற்றக்கூடாது. மனிதனுக்கான சமவாயம் வாசலில் நிற்க, மூலதனத்துக்கான உடன்படிக்கை நடுவீட்டில் அமர்கிறது.

நம் கீழ் மாகாணத்திலேயே இதன் விளக்கம் உண்டு. 1987 ஜனவரி 28ஆம் நாள், மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், படை நடவடிக்கையின்போது ஓர் இறால் பண்ணை அழிந்தது. பண்ணையில் வேலை செய்தோர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுற்றூர் மக்களும் பலர் மாண்டனர். பண்ணையில் ஏறத்தாழப் பாதிப் பங்கு ஹொங்கொங் கம்பனி ஒன்றுடையது. பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்த முதலீட்டு உடன்படிக்கை ஹொங்கொங்குக்கும் விரிந்திருந்தபடியால், அக்கம்பனி உலக வங்கியைச் சார்ந்த நடுத்தீர்ப்பு மன்றத்துக்குச் சென்றது. முதலீட்டு உடன்படிக்கை ஒன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு அங்கே வந்த முதல் வழக்கு அதுதான். 1990 ஜூனில் தீர்ப்பு: அரசு உரிய கவனம் எடுக்கத் தவறியது, 460,000 டொலரும் வட்டியும் கொடுக்க வேண்டும். இறாலுக்கு வழக்கு மன்றம் இருந்தது. இறந்தவரின் தாய்மார் ஏறுவதற்கு அப்படி ஒரு மன்றம் எந்த உடன்படிக்கையிலும் இல்லை.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?" என்று எண்ணாதீர்கள். கம்பனியோடு வழக்காடப் போகுமுன், கம்பனிக்குப் பின்னால் அரசின் கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அடிப்படை உரிமை வழக்கை 126ஆம் உறுப்புரை நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே அனுமதிக்கிறது. அதுவும் மார்ஷல் வழக்கின் கோடு போன்றதே. ஆனால் அந்தக் கோட்டை நம் நீதியரசர்கள் சற்று நகர்த்தியிருக்கிறார்கள். 1982இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அரசின் அங்கமன்று என்று தீர்த்த உயர் நீதிமன்றம், 1987இல் ராஜரத்ன வழக்கில், கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான எயர் லங்கா உண்மையில் அரசின் கையே என்று கண்டது. 1995இல் பாயிஸ் வழக்கில், நிர்வாகத்தின் அதிகாரத்தோடு ஒரு தனி மனிதன் செய்யும் செயலும் நிர்வாகச் செயலாகலாம் என்று கண்டது.

எப்பாவல விவசாயிகளின் வழக்கை நீங்கள் அறிய வேண்டும். அனுராதபுர மாவட்டத்துப் பொசுபேற்றுக் கனிமத்தை அமெரிக்கக் கம்பனி ஒன்று சேர்ந்து தோண்டுவதற்கு அரசு ஒப்பந்தம் செய்ய முனைந்தது. கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் ஜயகங்கை வாய்க்காலுக்கும் வயல்களுக்கும் ஆபத்து. ஊரவர் எழுவர் வழக்காடினர். 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க தீர்ப்புரைத்தார். 1972ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் பிரகடனமும் 1992ஆம் ஆண்டு ரியோ பிரகடனமும் தம்மளவில் சட்டமல்ல; ஆயினும் நம் மேல் நீதிமன்றங்கள் தம் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டால் அவை இங்கே கட்டுப்படுத்தும் என்றார். ஒப்பந்தம் நின்றது. ஆனால் கவனியுங்கள்: அந்த விவசாயிகள் ரியோவைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பனியின் வாசலுக்குப் போகவில்லை. சமத்துவமும், தொழில் செய்யும் உரிமையும், வாழிடம் தெரியும் உரிமையும் அரசியலமைப்பில் எழுதியிருக்கின்றனவே, அவற்றைக் கொண்டு அரசின் பேனாவைப் பிடித்தார்கள். ரியோ அவர்களுக்கு விளக்காயிற்று. ஆயுதம் உள்நாட்டுச் சட்டமே.

சம்பூரை நாம் மறக்கலாமா? 2006இல் யுத்தத்தால் விரட்டப்பட்ட மக்களின் 818 ஏக்கரை, 2012இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் முதலீட்டு வலயமாக்கி ஒரு கம்பனியின் கைக்குச் சேர்த்தது. எத்தனை தூதுவர் வந்தனர், எத்தனை தீர்மானங்கள் ஜெனீவாவில் நிறைவேறின! காணியை விடுவித்தது அவற்றுள் எதுவுமில்லை. அரசியல் அழுத்தத்துக்கு அவை உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் பூட்டைத் திறந்தது 2015 மே மாதத்தில் அந்த வர்த்தமானியை இரத்துச் செய்த இன்னொரு வர்த்தமானி. அந்த ஆகஸ்டில் மக்கள் திரும்பினர். பூட்டு எந்தக் காகிதத்தால் போடப்பட்டதோ, அந்தக் காகிதத்தைத் தேடுங்கள்.

அரசியல் வேலையும் உண்டு. 1956இல் தமிழரசுக் கட்சியினர் கால்நடையாக வந்து மாநாடு கூடிய நகரம் இது. அன்று முதல் நாம் பெற்ற வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை, நிறைவேற்றத்துக்குத்தான் குறைவு. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கான ஒழுங்குவிதிகள் வர 1966 ஆயிற்று. 1987இன் 13ஆம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு முப்பது ஆண்டு கடந்தும் அமையவில்லை. அதே 1987 ஜூலையில் பரிமாறிய கடிதத்தில் சொன்ன சீனன்குடா எண்ணெய்க் குதங்களின் கூட்டுச் செயற்பாட்டுக்கு 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தம் எழுதினார்கள். ஆகவே இன்னும் ஒரு கையொப்பம் வேண்டும் என்று இனி நாம் கேட்கப் போவதில்லை. சமவாயத்தில் அரசு சேர்ந்தால் குறித்த காலத்துக்குள் சட்டம் இயற்ற வேண்டும். இயற்றாமையால் குடிமகனுக்கு நட்டம் நேர்ந்தால் அரசு ஈடுசெய்ய வேண்டும். இந்த இரண்டையும் அரசியலமைப்பில் எழுதும்படி கேட்போம். சிங்கள மீனவரும் ஆடைத் தொழிலாளரும் இதே நட்டத்தைச் சுமந்தவர்களாதலால், இந்தக் கோரிக்கையில் நாம் தனித்து நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டோம். பத்திரிகைத் துண்டை மடித்து வைக்கச் சொன்னோம். தனியாரைக் கட்டுகிற சட்டம் ஒன்று நாட்டிலேயே இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவு. காணித் தகராற்றால் சமாதானம் குலையும் நிலை இருந்தால், வழக்கு வைப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவனை மீளவும் இருத்த அது வழி செய்கிறது. கம்பனியென்றோ குடியானவனென்றோ அது பார்ப்பதில்லை. கம்பனிக்கு அனுமதி கொடுத்த அரச அலுவலகம் இருந்தால் அதற்கு எதிராக 126ஆம் உறுப்புரை. அதற்குத் தவணை ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. இவற்றைச் சொல்லி, காணி அனுமதிப்பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் வந்த கடிதங்களையும் எடுத்துவரச் சொன்னோம்.

ஒரு கிழமை கழித்து அவர் மகளோடு வந்தார். பழைய பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அலுவலகக் கடிதமும் அதற்குள் இருந்தது; உறைகூடக் கிழியாமல் வைத்திருந்தார். நாட்களை எண்ணினோம். கம்பி போட்டு 47 நாள். கடிதம் கிடைத்து 21 நாள். அன்றிரவே மனுக்களை எழுத உட்கார்ந்தோம்.